விடைத்தாள் யாரைச் சோதிக்கிறது?

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் வீடு வந்து சேரும் தை மாதத் தொடக்கத்தில், பங்கிலே வீடு சந்திக்கப் புறப்படும் குருவுக்குச் சில காட்சிகள் தவறாமல் வாய்க்கின்றன. மற்ற நாட்களில் தெருமுனைக்கே ஓடிவந்து 'தோத்திரம் சாமி' என்று கைகூப்பும் சிறுவன், அன்று கதவுக்குப் பின்னே ஒளிந்து நிற்பான். பெற்றோர் முகத்தில் கூச்சமும் கோபமும் கலந்திருக்கும். குடும்ப நலம் விசாரிக்கும் முன்பே விடைத்தாள் கட்டு வெளியே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு இரண்டு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

தச்சநல்லூரில் மதுரைச் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில், அத்தகைய ஒரு வீட்டில் ஒரு மாலை நாம் அமர்ந்திருந்தோம். தந்தையார் கொத்தனார், வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. தாயார் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பில் பயிலும் மகனின் கணக்குத் தாளை நம்மிடம் நீட்டினார்.

"கணக்கு மட்டும் இவன் மண்டையில ஏறவே மாட்டேங்கு சாமி. அவுக அப்பா வந்து பார்த்தா என்ன செய்வாகளோ!"

தாளைப் புரட்டினோம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லி ஒரு கணக்கு. சிறுவன் 35 என்று எழுதியிருந்தான். அதன்மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் பூச்சியம். அதற்குள் அடுத்த வீட்டுச் சிறுமியும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். அவளும் அதே வகுப்புதான். அவள் தாளையும் கொண்டுவரச் சொன்னோம். அங்கும் 35, அங்கும் பெருக்கல் குறி, அங்கும் பூச்சியம். ஒருவர் தாளைப் பார்த்து மற்றவர் எழுதிவிட்டனரோ என்ற ஐயம் நமக்கும் எழுந்ததை மறைப்பதற்கில்லை. எனினும் கேட்டுத்தான் பார்ப்போமே என்று, எப்படிப் போட்டாய் என்று சிறுவனிடம் வினவினோம்.

"பெருசுலருந்துதான் சின்னதக் கழிக்கணும் சாமி. ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்றான். குரலில் தயக்கமே இல்லை.

சிறுமியின் கணக்கு வேறாக இருந்தது. "ரெண்டுல ஏழு போகாது சாமி. பக்கத்துல கடன் வாங்கினா பன்னெண்டு. பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு."

வாசகப் பெருமக்களே, இந்த இரு குழந்தைகளின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சிறுமி பாடத்தில் பெரும்பகுதியைக் கற்றுவிட்டாள். பத்தைக் கடனாகப் பெற்றபின் ஐந்து நான்காகிவிட்டது என்பதை மட்டும் மறந்தாள். சிறுவனோ அந்தப் பாடத்தின் வாசற்படியையே மிதிக்கவில்லை. 'பெரியதிலிருந்தே சிறியதைக் கழிக்க வேண்டும்' என்று முதல் வகுப்பில் யாரோ கூறிய விதியை அவன் வேதவாக்காகப் பற்றிக்கொண்டிருக்கிறான். முதல் வகுப்பில் அந்த விதி அவனைக் காப்பாற்றியது. மூன்றாம் வகுப்பில் அதுவே அவன் காலை வாரிவிட்டது. அவனை மந்தபுத்தி என்பது எவ்வாறு பொருந்தும்? கற்றதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த குற்றமன்றி அவன்மேல் வேறு குற்றம் இல்லை.

சிறுமிக்கு ஒரு நினைவூட்டல் போதும். சிறுவனுக்கோ பத்து, ஒன்று என்ற இடமதிப்பிலிருந்தே தொடங்கியாக வேண்டும். நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. ஆனால் விடைத்தாளில் இருப்பது ஒரே 35, ஒரே பூச்சியம். இப்பொழுது நாம் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: அன்று தோற்றது அந்தக் குழந்தைகளா, அந்த வினாவா?

வினாவில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றிப் பாருங்கள். 52க்குப் பதிலாக 53 என்று கொடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? சரியான விடை 26. சிறுவன் ஏழிலிருந்து மூன்றைக் கழித்து 34 என்று எழுதியிருப்பான். சிறுமி பதின்மூன்றிலிருந்து ஏழைக் கழித்து, ஐந்தைக் குறைக்க மறந்து, 36 என்று எழுதியிருப்பாள். அடையாளத்தைத் தவறாகப் பார்த்துக் கூட்டிவிட்ட குழந்தை 80 என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு தவறும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு முன்வந்து நின்றிருக்கும். ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து விசாரிக்க வேண்டியதில்லை; தாளைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கு என்ன தேவை என்பது விளங்கியிருக்கும். இரண்டு, மூன்று என்னும் இரு இலக்கங்களுக்கு இடையே இத்தனை வேறுபாடு!

நாம் கணித ஆசிரியர் அல்லோம். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்று, பின்னர் பங்குப் பள்ளிகளின் தாளாளர் என்ற பொறுப்பினால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்களே. அந்தப் பொறுப்பில் இருந்த தொடக்க ஆண்டுகளில் நாம் செய்த பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்வது முறையாகும். பள்ளிக்குச் செல்லும்போதெல்லாம் ஆசிரியர்களின் பாடக்குறிப்பேடுகளை வாங்கிப் பார்ப்போம். நாள், வகுப்பு, பாடத்தலைப்பு, நோக்கம், துணைக்கருவி, ஆர்வமூட்டல், பாடவளர்ச்சி, தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டங்கள் யாவும் நிரம்பியிருந்தால் நமக்குத் திருப்தி. அழகிய கையெழுத்தும் வண்ணக் கோடுகளும் இருந்தால் பெருந்திருப்தி. அந்தக் குறிப்பேடு சென்ற ஆண்டுக் குறிப்பேட்டின் மறுபதிப்பு என்பது சில ஆண்டுகள் கழிந்த பின்னரே நமக்குத் தெரியவந்தது. அந்த ஆசிரியரை நாம் குறைகூறவில்லை. நாம் கட்டங்களைத்தான் பார்த்தோம்; அவரும் கட்டங்களைத்தான் நிரப்பினார்.

இந்தக் கட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய தத்துவ அறிஞர் ஹெர்பார்ட் 19ஆம் நூற்றாண்டில் கற்பித்தலைப் பற்றிக் கூறியவற்றை, அவருக்குப் பின்வந்த சீடர்கள் ஐந்து படிகளாக வகுத்தனர். அவை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் வழியே உலகெங்கும் பரவி, நம் நாட்டின் பாடக்குறிப்பேடுகளிலும் குடியேறின. பழைய அறிவோடு புதிய அறிவை இணைக்க வேண்டும் என்ற அவரது கருத்து பொன்னானது. ஆயினும் கருத்து கட்டமாகியபோது, கட்டம் நின்றது; கருத்து நழுவியது. குறிப்பேட்டில் 'மதிப்பீடு' என்பது கடைசிக்கு முந்திய கட்டமாக இருப்பதால், அதை எழுதும்போது ஆசிரியரின் கையும் களைத்துவிடுகிறது. 'மாணவர்களிடம் வினாக்கள் கேட்கப்படும்' என்ற ஒற்றை வரியோடு அது முடிந்துவிடும். எந்த வினா? எவரிடம்? விடை தவறினால் அடுத்து என்ன? இவற்றைப் பற்றிப் பேச்சே இராது.

ஆகவே தலைகீழாகத் தொடங்க வேண்டும் என்பதே நமது கருத்து. பாடக்குறிப்பு எழுத அமரும் ஆசிரியர், மணி அடிக்கும்போது மாணவன் எந்த வினாவுக்குத் தானே விடை காண வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். மற்றவை அதன்பின் வரட்டும். மேலே கண்ட கழித்தல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 53இலிருந்து 27, 40இலிருந்து 16, 58இலிருந்து 23. இம்மூன்றும் போதும். இரண்டாவது கணக்கில் பூச்சியம் இருக்கிறது. பூச்சியத்திலிருந்து ஆறைக் கழித்தால் பூச்சியமே என்று எண்ணும் குழந்தை 30 என்றும், தலைகீழாகக் கழிக்கும் குழந்தை 36 என்றும், குறைக்க மறக்கும் குழந்தை 34 என்றும் எழுதும். சரியான விடை 24. மூன்றாவதில் கடன் வாங்கவே தேவையில்லை. புதிதாகக் கடன் வாங்கக் கற்ற பிள்ளை, கையில் சுத்தியல் கிடைத்த சிறுவன் எதையும் தட்டிப் பார்ப்பது போல, தேவையற்ற இடத்திலும் கடன் வாங்கும். அதைக் கண்டுகொள்ளவே அந்தக் கணக்கு. (அங்கே 35 என்பதுதான் சரியான விடை என்பது ஒரு வேடிக்கை!)

வினா முடிவாகிவிட்டால் பாடம் ஏறத்தாழத் தானே உருவாகிவிடும். 53 என்பது ஐந்து பத்தும் மூன்று ஒன்றும். அதுவே நான்கு பத்தும் பதின்மூன்று ஒன்றும் ஆகும். இதைக் குழந்தை கண்ணால் காண வேண்டும். விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி, ஐந்து கட்டும் மூன்று உதிரியுமாகக் குழுவுக்குக் கொடுங்கள். 27 குச்சிகளை எடுத்துத் தரும்படி கேளுங்கள். மூன்று உதிரிகளை வைத்துக்கொண்டு ஏழு தர இயலாமல் குழந்தைகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எவனாவது ஒருவன் ஒரு கட்டின் நூலை அவிழ்ப்பான். அந்தக் கணமே பாடம்! அவிழ்த்த கட்டு மீண்டும் கட்டாக நிற்காது. ஆகவே ஐந்து நான்காகிவிட்டது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னரே கரும்பலகை, பின்னரே எழுத்து. ஐந்தை அடித்து நான்கு என்று எழுதும்போது, அவிழ்ந்த நூல் குழந்தையின் மனக்கண்முன் நிற்கும்.

கடைசிப் பத்து நிமிடங்களில் அம்மூன்று கணக்குகளையும் சிலேட்டில் போடச் செய்து, சிலேட்டுகளை வாங்கி மேசைமேல் அடுக்க வேண்டும். மதிப்பெண் வேண்டாம், சிவப்பு மையும் வேண்டாம். 34 என்று எழுதியவை ஓர் அடுக்கு. 36 ஓர் அடுக்கு. 26 ஓர் அடுக்கு. மறுநாள் எவரை எங்கே அமர்த்துவது, எவருக்கு ஈர்க்குச்சி, எவருக்கு அடுத்த பாடம் என்பது அந்த மேசைமீதே எழுதப்பட்டுவிடுகிறது. நாற்பது நிமிடப் பாடத்தில் பத்து நிமிடம் இதற்கா என்று கேட்கும் ஆசிரியர்கள் உளர். அந்தப் பத்து நிமிடங்களை மிச்சப்படுத்தியதன் விலையைத்தான் மார்கழி மாதத்தில் சிவப்பு மையால் செலுத்துகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணக்கைக் கதையாகக் கொடுக்கும்போது, தமிழ் வாசிக்க இயலாத குழந்தைக்குக் கணக்கும் போய்விடுகிறது. 'ஒரு கூடையில் இருந்த பழங்களில்' என்று தொடங்கும் வாக்கியத்தைத் திக்கித் திணறிப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அத்தகைய குழந்தைக்கு வினாவை ஆசிரியரே உரக்கப் படித்துக் காட்டினால் போதும்; சோதிக்க விரும்பியது கணக்கையா, வாசிப்பையா என்பது உடனே தெளிவாகும்.

இவையெல்லாம் புதுமை என்று எண்ண வேண்டா. பள்ளி ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெலசால் அடிகளார் பிரான்சு நாட்டில் நடத்திய ஏழைப் பள்ளிகளுக்கென ஒரு நடைமுறைக் கையேடு எழுதப்பட்டு, அவர் இறந்த மறு ஆண்டு, 1720இல் அச்சேறியது. அதில் ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்கள் தொடக்க நிலையினர், இடைநிலையினர், முன்னேறியோர் என மூன்று வரிசையாகப் பிரிக்கப்பட்டனர். எவன் எந்த வரிசை என்பதை அவன் வயது தீர்மானிக்கவில்லை. அவன் என்ன வாசிக்கிறான் என்பதே தீர்மானித்தது. அதற்கும் முன்னர் 1599இல் இயேசு சபையார் வெளியிட்ட கல்வி முறைத் திட்டத்தில், சனிக்கிழமைதோறும் அவ்வாரப் பாடங்களை மீண்டும் ஒப்பித்துச் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தது. நம் பாளையங்கோட்டையில் 1923இல் தூய சவேரியார் கல்லூரியை நிறுவிய சபையும் அதுவே.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களை மறந்துவிடலாகாது. மணலில் விரலால் எழுதிக் கற்ற பிள்ளைகள் அவை. தேர்ந்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னையில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்ற ஆங்கிலிக்கன் போதகர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு வியந்தார். அதைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே அரிச்சுவடி வகுப்பை நடத்திக் காட்டினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலால் அது 'சென்னை முறை' என்ற பெயரோடு ஐரோப்பாவெங்கும் சென்றது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து புகழ்பெற்றார். ஊரில் அவருக்குக் கிடைத்த பெயர் என்னவோ பிரம்புக்காரன் என்பதுதான்! ஆயினும் திண்ணைப் பள்ளியில் நாம் கவனிக்க வேண்டிய சிறப்பொன்று உண்டு. ஒரு சுவடியை முடித்தவனே மறு சுவடிக்குப் போவான். முடிக்காதவனை இழுத்துக்கொண்டு வகுப்பு ஓடுவதில்லை.

அந்தச் சிறப்பை நாம் மீண்டும் தேடத் தொடங்கியது அண்மையில்தான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால், செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலிப் பள்ளியினர் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென வகுத்த அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. 2007இல் அது தமிழகம் முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பெஞ்சுகள் அகன்றன; குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர்; சுவரின் கீழ்ப்பகுதியில் அவரவர்க்கு எட்டும் கரும்பலகைகள் தோன்றின. பாடம் ஏணிப்படிகளாகப் பிரிக்கப்பட்டது. யானை, முயல், பறவை என்று படச் சின்னமிட்ட அட்டைகளை எடுத்து, அவரவர் படியில் அவரவர் ஏறினர். நம்மைக் கவர்ந்தது எதுவென்றால், அந்த ஏணியிலேயே மதிப்பீட்டு அட்டையும் ஒரு படியாக இருந்தது. குழந்தை அதைத் தேர்வு என்று அறியாமலே கடந்துவிடும். மூன்று நாள் விடுப்பு எடுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடங்கும். தாமிரபரணிக் கரையில் நடுகையும் அறுவடையும் வரும்போது பிள்ளைகள் எத்தனை நாள் பள்ளிக்கு வராதிருந்தனர் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறையும் இருந்தது. அட்டையைத் தேடி எடுப்பதும் அடுக்குவதுமே படிப்பு என்றாகிவிட்ட வகுப்பறைகளும் இருந்தன. 'எங்கள் பிள்ளைக்குப் புத்தகமே இல்லையா?' என்று கேட்ட பெற்றோரும் இருந்தனர். பெற்றோரின் அந்தக் கேள்வியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பிள்ளை என்ன படிக்கிறான் என்று தெரிந்துகொள்ள வீட்டுக்கு ஒரு புத்தகம் வேண்டியதுதானே?

பின்னர் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் எட்டாம் வகுப்பு வரை வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. புத்தக மூட்டையின் பாரம் குறைந்தது உண்மையான நன்மை. ஆனால் வளரறி மதிப்பீடு என்பது பல இல்லங்களில் என்னவாயிற்று? எரிமலை மாதிரியைத் தந்தையார் செய்தார். படத்தாளைத் தாயார் ஒட்டினார். மிகுதியைக் கடைக்காரர் விற்றார். மதிப்பெண்ணைப் பிள்ளை பெற்றது. வளர்ந்தது யாருடைய அறிவு என்று நாம் கேட்டதுண்டு. சிலேட்டில் மூன்று கணக்குப் போடச் செய்து அடுக்கிப் பார்ப்பதே வளரறி மதிப்பீடு. அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் எங்கும் தென்பட்டனர். 2022 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகக் கண்டு, நிலைக்கேற்ற பயிற்சியைத் தந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது நீண்டது. தெலசால் அடிகளாரின் மூன்று வரிசைகள் முந்நூறு ஆண்டுகள் கழித்து மலரின் பெயரைச் சூடி நம் ஊருக்கு வந்ததைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வதிலேயே பாடவேளை கரைகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டதும் நியாயமே. மதிப்பீடு என்பது மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பும் வேலையாகிவிட்டால், அது பழைய பாடக்குறிப்பேட்டின் கட்டங்களுக்கே திரும்பிவிடும்.

மேல் வகுப்புகளுக்கும் இதே நியாயம்தான். வினாவின் உருவம் மட்டுமே மாறும். ஏழாம், எட்டாம் வகுப்பில் நம் பிள்ளைகள் ஆறுகளைப் பற்றிப் படிக்கிறார்கள். 'தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது?' என்று கேட்டால் 'பொதிகை மலையில்' என்று எழுதி ஒரு மதிப்பெண் பெறலாம். அதை எழுதுவதற்கு ஆற்றைப் பார்த்திருக்கவே தேவையில்லை. வேறொரு வினாவைக் கேட்டுப் பார்ப்போம்: 'ஜூன் மாதத்தில் தச்சநல்லூரில் துளி மழையும் இல்லை, ஆனால் சிந்துபூந்துறையில் ஆற்றில் தண்ணீர் உயர்கிறது. எப்படி?' இதற்கு விடை எழுத வேண்டுமானால், தென்மேற்குப் பருவக்காற்று மலையின் உச்சியில் மழையைப் பொழிகிறது என்பதும், மலையின் கிழக்கே உள்ள நமக்கு அம்மழை எட்டுவதில்லை என்பதும், வடகிழக்குப் பருவமழை வேறு காலத்தில் நமக்கு வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு தெரிந்த பிள்ளை, இங்கே கார் சாகுபடி, பிசானச் சாகுபடி என்று இரு போகம் எப்படி வாய்த்தது என்பதையும் சொல்லிவிடும். தாத்தா வயலில் இறங்கியவராயின் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வரும்.

1956இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் தம் குழுவினரோடு வெளியிட்ட நூலில், அறிவின் செயல்களை ஆறு படிகளாக வகுத்து, நினைவுகூர்தலைக் கீழ்ப்படியிலும், புரிதலையும் பயன்படுத்துதலையும் அதற்கு மேலும் வைத்தார். நினைவாற்றல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். வாய்ப்பாடு மனப்பாடமாக இல்லாதவன் வகுத்தலில் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் வினாத்தாள் முழுவதும் முதற்படியிலேயே நின்றுவிட்டால், ஆசிரியரின் பாடமும் அங்கேயே நின்றுவிடும். எந்த வினா வரும் என்பதைக் கொண்டுதான் பள்ளிக்கூடம் எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்கிறது. இது மனித இயல்பு, கண்டித்துப் பயனில்லை. வினாவை மாற்றினால் கற்பித்தலும் மாறும்.

கால்வாய்ப் பாசனம் அறிந்த நம் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்பதை எவரும் நம்புவதில்லை; கடைமடைக்கு வந்ததா என்றே கேட்பார்கள். ஸ்ரீவைகுண்டம்தான் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அதற்கும் கீழே வாய்க்காலின் கோடியில் நிலம் வைத்திருப்பவரைக் கேட்டால்தான் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது தெரியும். வகுப்பறையில் பாடம் நடத்தி முடிந்தது என்று பணிப்பதிவேட்டில் எழுதுவது அணையைத் திறந்தேன் என்று எழுதுவதற்கு ஒப்பாகும். கடைசி பெஞ்சில் இருப்பவனின் சிலேட்டைப் பார்க்காமல் அதை எழுத இயலுமோ?

இதை நாம் எழுதுவது ஆசிரியர்களுக்காக மட்டும் அன்று. 2017இல் தமிழக அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் வந்த அறிவிப்பு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அரசு விட்டுவிட்டது, வீடுகள் விடவில்லை. 'எத்தனையாவது ரேங்க்?' என்ற கேள்வி இன்றும் கோயில் முற்றத்தில் நம் காதில் விழுகிறது. ஆலயத்தில் பிறரன்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுத் திரும்பும் வழியிலேயே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லித் தம் பிள்ளையைக் குத்திக்காட்டும் பெற்றோரும் உளர். தேர்ச்சி அட்டையில் கையொப்பமிடும் தந்தையார், எண்ணைப் பார்க்கும் முன் விடைத்தாளைப் பார்க்கட்டும். தவறிய ஒரே ஒரு விடையைத் தொட்டு, 'இதை எப்படிப் போட்டாய்?' என்று கேட்கட்டும். அடிக்கும் குரலில் கேட்டால் பிள்ளை வாய் திறக்காது. வழி கேட்பவர் குரலில் கேட்க வேண்டும். கணக்குத் தெரியாத பெற்றோரும் இதைக் கேட்கலாம். பிள்ளை சொல்லிக்கொண்டே வரும்போது, எங்கே தடுமாறுகிறதோ அங்கே தானே நிற்கும். அந்த இடத்தை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து ஆசிரியருக்கு அனுப்பினால், நல்லாசிரியர் எவரும் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார்.

அன்று மாலை அந்த வீட்டுத் தாயாரிடம் விளக்குமாற்றைக் கேட்டபோது அவர் திடுக்கிட்டார். பிள்ளையை அடிக்கப் போகிறோம் என்று எண்ணினார் போலும்! ஈர்க்குகளை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னோம். நாள்தோறும் பீடியைக் கட்டுக் கட்டாக எண்ணிக் கொடுத்துப் பழகியவர்; நாம் விளக்கத் தொடங்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. நம்மை ஒதுக்கிவிட்டு மகனை அருகே அமர்த்திக்கொண்டார்.

"ஏலே, அஞ்சு கட்டும் ரெண்டு உதிரியும் இருக்கு. கடைக்காரரு இருவத்தேழு கேட்டா எப்படிலே கொடுப்ப?"

சிறுவன் நெடுநேரம் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டுல இருந்து ஏழு கொடுக்க முடியாதேம்மா" என்றான்.

"முடியாதுன்னா? கட்டு இருக்குல்லா?"

அவன் ஒரு கட்டை எடுத்து நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். ஏழு குச்சிகளை எண்ணி ஒதுக்கினான். இரண்டு கட்டுகளைத் தள்ளினான். மீதியை எண்ணியபோது இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் இருந்தன. அடுத்த வீட்டுச் சிறுமி தன் தாளை எடுத்து, 35இல் உள்ள மூன்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'கடன் கொடுத்தவங்ககிட்ட ஒண்ணு கொறையும்லா!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறு வாரம் அவர்களின் ஆசிரியையைச் சந்தித்தபோது இந்த 52, 53 விவரத்தை நாம் தயக்கத்தோடுதான் சொன்னோம். அவர் தம் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அடுத்த தேர்வுக்காக எழுதி வைத்திருந்த வினாத்தாளை விரித்து, கழித்தல் கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்.